ஆலை முதலாளியின் மகன் முதலாளித்துவத்தைக் கற்ற விதம்

உலகில் செல்வம் பெருகப் பெருக, அதனைத் தமது உழைப்பால் உருவாக்குவோரின் வாழ்வு ஏன் அதே அளவில் உயர்வதில்லை என்ற வினா இரு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றது. சோஷலிச அரசியல் தத்துவத்தின் தொடக்கம் இவ்வினாவேயாகும். இதற்கு விடை தேடியவர்களுள் கார்ல் மார்க்ஸின் பெயரே எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். எனினும், அதே வினாவை ஒரு பஞ்சாலையின் கணக்கேடுகளுக்கு முன்னால் அமர்ந்து கேட்டவர் அவரது நண்பர் பிரெட்ரிக் ஏங்கெல்ஸ் ஆவார். முதலாளித்துவத்தை அதன் உள்ளிருந்தே கற்றவர் என்ற வகையில் அவரது வாழ்வு தனிக்கவனத்துக்குரியது.

ஏங்கெல்ஸ் 1820 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் திகதி, அன்றைய பிரஷ்யாவின் ரைன் பிரதேசத்தில் உள்ள பார்மன் நகரில் பிறந்தார். தந்தையார் நெசவுத் தொழில் அதிபர்; ஆழ்ந்த புரட்டஸ்தாந்து மதப்பற்றுடையவர். மூத்த மகன் தொழிலைப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவரது எண்ணமாயிருந்தது. அதனால் 1837 இல் ஏங்கெல்ஸின் பள்ளிப் படிப்பு நிறைவுறாமலேயே நிறுத்தப்பட்டது. வர்த்தகப் பயிற்சிக்காக அவர் பிரேமன் துறைமுக நகருக்கு அனுப்பப்பட்டார். பகலில் அலுவலகத்தில் கடமையாற்றிய அவ்விளைஞர், ஓய்வு நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கினார். 1839 இல் பெயர் குறிப்பிடாமல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொடர், சொந்த ஊரின் ஆலை முதலாளிகளின் பக்தியையும் அவர்களது ஆலைகளில் நலிந்துகொண்டிருந்த தொழிலாளரின் நிலையையும் அருகருகே வைத்துக் காட்டியது. எழுதியவர் யார் என்பதை அறியாத ஊரார் கொதிப்படைந்தனர்.

பின்னர் 1841 இல் இராணுவ சேவைக்காக பேர்லின் சென்ற அவர், அங்கே பல்கலைக்கழக விரிவுரைகளுக்குச் சமுகமளித்து, ஹெகலின் தத்துவத்தை முற்போக்காக விளக்கிய இளைஞர் குழுவினருடன் இணைந்தார். மகனின் போக்கைக் கண்டு கவலையுற்ற தந்தையார், 1842 ஆம் ஆண்டின் இறுதியில் அவரை இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு அனுப்பிவைத்தார். தாம் பங்காளராக இருந்த நூல் ஆலையில் வேலைப் பளு மகனின் சிந்தனையை மாற்றிவிடும் என அவர் நம்பியிருக்கலாம். நடந்தது அதற்கு நேர்மாறானதாகும்.

மான்செஸ்டர் அக்காலத்தில் உலகப் பருத்தித் தொழிலின் தலைநகரமாக விளங்கியது. ஏங்கெல்ஸ் அங்கு செல்வதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 1842 ஓகஸ்டில், கூலிக் குறைப்புக்கு எதிரான பெரும் வேலைநிறுத்தம் அப்பிரதேசத்தை உலுக்கியிருந்தது. சுமார் இருபது மாதங்கள் அங்கு தங்கிய அவர், அலுவலக நேரம் போக மீதி நேரத்தைத் தொழிலாளர் குடியிருப்புகளில் செலவிட்டார். மேரி பேர்ன்ஸ் என்ற அயர்லாந்துத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணின் துணை இன்றி அக்குடியிருப்புகளின் கதவுகள் அவருக்குத் திறந்திருக்கமாட்டா எனக் கருதப்படுகின்றது. மேரி பின்னர் அவரது வாழ்க்கைத் துணைவியானார்.

இந்த அனுபவத்தின் விளைவாக 1845 இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்ததே இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலாகும். அப்போது அவருக்கு வயது 24 மாத்திரமே. நகரத்தின் அமைப்பையே அந்நூல் ஒரு சாட்சியாக நிறுத்தியது. புறநகர் மாளிகைகளில் வாழ்ந்த வணிகர்கள் நகர மத்தியிலுள்ள வணிகச் சந்தைக்குச் செல்லும் பிரதான வீதிகளின் இருமருங்கிலும் நேர்த்தியான கடைகள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்னால் இருந்த சேரிகளை ஒருநாளேனும் காணாமல் அவர்களால் நாள்தோறும் போய்வர முடிந்தது. எவரும் திட்டமிட்டு இவ்வாறு கட்டவில்லை. இலாபத்தை நாடிய நிலவிலையும் வாடகையும் நகரத்தை அவ்வாறு வகுத்துவிட்டன என்பதை ஏங்கெல்ஸ் கண்டுகொண்டார்.

பிரித்தானியப் பாராளுமன்ற அறிக்கைகளையும் சுகாதார அதிகாரிகளின் பதிவேடுகளையும் அவர் விரிவாகப் பயன்படுத்தினார். லிவர்பூல் நகரில் 1840 இல் மரணித்தவர்களின் சராசரி வயது உயர் வகுப்பினரிடையே 35 ஆகவும், வணிகர்களிடையே 22 ஆகவும், தொழிலாளரிடையே 15 ஆகவும் இருந்தது. தொழிலாளர் வீடுகளில் குழந்தை மரணங்கள் மலிந்திருந்தமையே இத்துணை தாழ்ந்த சராசரிக்கு முக்கிய காரணமாகும். ஒருவரைக் கத்தியால் குத்தினால் அது கொலை எனப்படுகின்றது. ஆயிரக்கணக்கானோர் உயிர்வாழ முடியாத நிலைமையில் வைக்கப்படுவதை அறிந்தும் அந்நிலைமை தொடர அனுமதிக்கப்பட்டால், அக்குற்றத்துக்குப் பொறுப்பாளி யார்? ஏங்கெல்ஸின் நூல் எழுப்பிய வினா இதுவே. தனியொரு முதலாளியின் கொடுமையை அவர் குறை கூறவில்லை. போட்டியில் நிலைத்துநிற்க வேண்டுமாயின் நல்ல மனம் படைத்த முதலாளியும் கூலியைக் குறைக்கவே தூண்டப்படுவார். வேலையற்றோர் கூட்டம் ஆலை வாயிலில் காத்து நிற்கும்வரை தொழிலாளியின் பேரம்பேசும் வலிமை குன்றியே இருக்கும். முதலாளித்துவம் பற்றிய சோஷலிச விமர்சனத்தின் அடித்தளம் இவ்வாறே அமைந்தது.

1844 ஓகஸ்டில் நாடு திரும்பும் வழியில் பாரிஸ் நகரில் அவர் மார்க்ஸுடன் பத்து நாட்கள் உரையாடினார். அது வாழ்நாள் நட்பாயிற்று. பொருளாதாரத்தை ஆழ்ந்து கற்க வேண்டும் என்ற உந்துதலை மார்க்ஸ் பெற்றதில், அதே ஆண்டு வெளிவந்த ஏங்கெல்ஸின் கட்டுரையொன்றுக்கும் பங்குண்டு. 1848 பெப்ரவரியில் இருவரது பெயராலும் அறியப்படும் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை இலண்டனில் வெளியாயிற்று. அவ்வாண்டில் ஐரோப்பாவெங்கும் மூண்ட புரட்சிகள் அடுத்த ஆண்டே முறியடிக்கப்பட்டன. ஜேர்மனியின் பாடன் பகுதியில் ஆயுதமேந்திப் போரிட்ட ஏங்கெல்ஸ், தோல்வியின் பின் இங்கிலாந்தில் தஞ்சமடைந்தார்.

அவரது வாழ்வின் பெரும் முரண்பாடு இங்குதான் ஆரம்பமாகின்றது. மார்க்ஸின் குடும்பம் இலண்டனில் வறுமையில் வாடியது. அதற்கு உதவவும் தாம் பிழைக்கவும் 1850 இன் இறுதியில் ஏங்கெல்ஸ் மீண்டும் மான்செஸ்டர் ஆலை அலுவலகத்தில் அமர்ந்தார்; 1864 இல் பங்காளராகவும் ஆனார். ஏறத்தாழ 19 ஆண்டுகள், பகலில் கனவானாக வணிகச் சந்தைக்குச் சென்றார். செல்வந்தர்களுடன் குதிரையேறி நரி வேட்டையாடினார். மேரியுடனான இல்லமோ நகரின் வேறொரு மூலையில் இருந்தது. தொழிலாளரின் உழைப்பிலிருந்து கிடைத்த இலாபமே, அவ்வாறு இலாபம் கிடைக்கும் விதத்தை அம்பலப்படுத்திய நூலுக்குச் செலவாயிற்று.

இதனைப் போலித்தனம் என்று இகழ்வோர் உளர். அக்குற்றச்சாட்டை நாம் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. அவரது ஆலையின் தொழிலாளருக்கு அவரது தத்துவத்தால் உடனடிப் பயன் ஏதும் கிட்டியதாகக் கூறுவதற்கில்லை. ஆயினும், அந்த அலுவலகம் வழங்கிய அறிவு வேறெங்கும் கிடைத்திராது. இயந்திரமொன்று எத்தனை ஆண்டுகளில் தேய்ந்து புதுப்பிக்கப்படுகின்றது, தேய்மானம் கணக்கில் எவ்வாறு எழுதப்படுகின்றது என்றெல்லாம் மார்க்ஸ் கடிதம் மூலம் கேட்டறிந்தது ஏங்கெல்ஸிடமே. தொழிலாளி பெறும் கூலிக்கும் அவர் உருவாக்கும் பெறுமதிக்கும் இடையிலான வேறுபாடே இலாபத்தின் ஊற்று என்ற உபரிப் பெறுமதிக் கோட்பாட்டை விளக்கிய மூலதனம் நூலின் முதற் பாகம் 1867 இல் வெளிவந்தது.

அந்த நட்பும் சோதனைக்குள்ளாகாமல் இல்லை. 1863 ஜனவரியில் மேரி திடீரென மரணமானபோது, மார்க்ஸின் பதில் மடலில் அனுதாபத்தை விடத் தமது பணக்கஷ்டமே மேலோங்கியிருந்தது. ஏங்கெல்ஸ் மனம் நொந்தார். மார்க்ஸ் வருத்தம் தெரிவித்த பின்னரே உறவு சீரடைந்தது.

1869 ஜூன் 30 ஆம் திகதி ஏங்கெல்ஸ் வர்த்தகத்திலிருந்து விடைபெற்றார். கைத்தடியைச் சுழற்றிப் பாடியபடி அவர் வீடு திரும்பிய காட்சியை, அப்போது அவரது இல்லத்தில் தங்கியிருந்த மார்க்ஸின் இளைய மகள் எலினோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அதன் பின் மார்க்ஸுக்கு ஆண்டுதோறும் 350 பவுண் வழங்க அவர் ஏற்பாடு செய்தார். 1883 இல் மார்க்ஸ் மறைந்ததும், தமது ஆய்வுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வாசிக்கக் கடினமான கையெழுத்துப் பிரதிகளைத் தொகுப்பதில் ஈடுபட்டார். மூலதனத்தின் இரண்டாம் பாகம் 1885 இலும் மூன்றாம் பாகம் 1894 இலும் அவரது உழைப்பால் வெளிவந்தன. 1895 ஓகஸ்ட் 5 ஆம் திகதி புற்றுநோயால் அவர் காலமானார். அவரது விருப்பப்படி அஸ்தி ஈஸ்ட்போர்ன் அருகே கடலில் கரைக்கப்பட்டது. எனவே அவருக்குக் கல்லறை இல்லை.

இங்கிலாந்தில் புரட்சி அண்மித்துவிட்டது என்ற அவரது இளமைக்கால எதிர்பார்ப்பு பொய்த்தது. அயர்லாந்து மக்கள் பற்றி அவரது முதல் நூலில் ஏளனமான வரிகளும் உள்ளன. அவரது பெயரையும் மார்க்ஸின் பெயரையும் உச்சரித்த இருபதாம் நூற்றாண்டு அரசுகள் சில, தொழிலாளரின் சுதந்திரத்தையே பறித்தன. இவற்றை மறைத்து அவரைத் தெய்வமாக்குவது அவர் கற்பித்த விமர்சன முறைக்கே முரணானதாகும்.

இலங்கையிலும் 1935 இல் சமசமாஜக் கட்சி உருவான காலந்தொட்டு இத்தத்துவம் இன, மத வேறுபாடுகளைக் கடந்து இளைஞர்களை ஈர்த்தது. ஆயினும், நூல்களை மனனம் செய்தோர் அளவுக்கு, லயன் அறைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலை விடுதிகளுக்கும் சென்று நிலைமையைக் கணக்கெடுத்தோர் இருந்தனரா என்பது சிந்திக்க வேண்டியதாகும். சோஷலிசத்தை ஏற்போரும் மறுப்போரும் ஏங்கெல்ஸிடமிருந்து ஒன்றைக் கற்கலாம். நாம் தினமும் கடந்துசெல்லும் வீதியின் கடைகளுக்குப் பின்னால் யார் வாழ்கின்றனர், அவர்களது உழைப்பின் பயன் எங்கே செல்கின்றது என்று விசாரிப்பதே அப்பாடமாகும்.