கைதி எண் 9653

1920ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. அத்தேர்தலில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரு கைதிக்கு வாக்களித்தார்கள். அவர் அப்போது அட்லாண்டா நகரத்துச் சிறையில் இருந்தார். கைதி எண் 9653, வயது 64. கொலையோ கொள்ளையோ செய்து உள்ளே போனவர் அல்லர். ஒரு பூங்காவில் நின்று சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். அதற்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை. அவர் பெயர் யூஜீன் விக்டர் டெப்ஸ்.

பேச்சுரிமையை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே எழுதி வைத்துக்கொண்ட நாடு அது. அங்கே இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய அவர் வாழ்க்கையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இண்டியானா மாநிலத்து டெர்ரே ஹோட் என்னும் ஊரில் 1855 நவம்பர் 5ஆம் நாள் டெப்ஸ் பிறந்தார். பெற்றோர் பிரான்சின் அல்சேஸ் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தைக்குப் படிப்பில் பற்று மிகுதி. யூஜீன் சூ, விக்டர் ஹியூகோ ஆகிய இரு பிரெஞ்சு எழுத்தாளர்களின் பெயர்களையும் சேர்த்து மகனுக்கு இட்டார். பெயரில் இலக்கியம் இருந்தது. கையில் காசு இல்லை. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, ரயில் பட்டறையில் எஞ்சின்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுக்கும் வேலையில் டெப்ஸ் சேர்ந்தார். நாட்கூலி அரை டாலர். பிறகு எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவரானார். விபத்து மலிந்த தொழில் அது; சில ஆண்டுகளில் அதை விட்டு ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதப் போனார். ஆயினும் 1875இல் உள்ளூரில் கரி அள்ளுவோர் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றார். ஜனநாயகக் கட்சியின் சார்பில் நகராட்சி எழுத்தராகவும், ஒரு முறை மாநிலச் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். இதுவரை அவர் வாழ்க்கையில் கலகம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அக்காலத்து ரயில் தொழிலாளருக்குத் தொழிலுக்கொரு சங்கம் இருந்தது. எஞ்சின் ஓட்டுவோர் ஒரு சங்கம், கரி அள்ளுவோர் ஒரு சங்கம், பிரேக் பிடிப்போர் வேறொரு சங்கம். ஒரு சங்கம் வேலைநிறுத்தம் செய்தால் மற்றது வேலை செய்யும். முதலாளிக்குக் கவலை இல்லை. இதைக் கண்ட டெப்ஸ் 1893இல் அனைவருக்கும் பொதுவான அமெரிக்க ரயில்வே சங்கத்தைத் தோற்றுவித்தார். அனைவருக்கும் என்று எழுதினேன். அது முழு உண்மை அன்று. கறுப்பினத் தொழிலாளரையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வாதாடினார். சங்க மாநாடு வாக்கெடுத்து அதை மறுத்துவிட்டது. அச்சங்கத்தின் வரலாற்றில் இது மறைக்கக் கூடாத கறை.

அடுத்த ஆண்டே பெரிய சோதனை வந்தது. சிக்காகோவுக்கு அருகில் புல்மன் என்ற முதலாளி தம் பெயராலேயே ஓர் ஊர் அமைத்து, அங்கே ரயில் பெட்டிகள் செய்துவந்தார். ஆலையும் அவருடையது, தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் அவருடையவை. 1893இல் வந்த பொருளாதார நெருக்கடியில் கூலியைக் குறைத்தார். வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. தொழிலாளர் வேலையை நிறுத்தினர். 1894 ஜூன் இறுதியில் டெப்ஸின் சங்கம் அவர்களுக்குத் துணை நின்று, புல்மன் பெட்டி பூட்டிய வண்டி எதையும் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தது. மேற்கு நோக்கிச் செல்லும் ரயில்கள் நின்றன.

இங்கேதான் சட்டத்தின் கை நீண்டது. மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்டு ஆல்னி ரயில் கம்பெனிகளுக்கு வக்கீலாக இருந்தவர். அவருடைய முயற்சியால் நீதிமன்றம் ஒரு தடையாணை பிறப்பித்தது. வேலைநிறுத்தத்தில் சேரும்படி தொழிலாளருக்குத் தந்தி அனுப்புவதும் அவ்வாணைப்படி குற்றம். பெருமுதலாளிகளின் கூட்டைத் தடுப்பதற்கென 1890இல் இயற்றிய சட்டத்தையே தொழிலாளரின் கூட்டுக்கு எதிராகத் திருப்பினார்கள். ஆயிரக்கணக்கானோரைத் தற்காலிகக் காவலராக நியமித்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும், ஆயுதமும் சம்பளமும் கொடுத்தவர்களும் ரயில் கம்பெனிக்காரர்களே! இதை எழுதியது எதிர்க்கட்சி ஏடு அன்று. பின்னர் அரசே அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை.

குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லண்டு சிக்காகோவுக்குப் படை அனுப்பினார். வேண்டாம் என்று தடுத்தவர் அம்மாநில ஆளுநர் ஆல்ட்கெல்டு. இருவரும் ஜனநாயகக் கட்சியினர். டெப்ஸும் அதே கட்சியில் இருந்தவர். கிளீவ்லண்டுக்காகத் தேர்தலில் பாடுபட்டவர். படை வந்த பிறகே கலவரம் பெருகியது, உயிர்கள் போயின, வேலைநிறுத்தம் முறிந்தது. சதி வழக்கில் ஜூரி ஒருவர் நோயுற்றதால் விசாரணை நின்றது. அதை மறுபடி எடுக்கவே இல்லை. ஆனால் தடையாணையை மீறிய குற்றத்துக்கு ஜூரி தேவையில்லை, நீதிபதி ஒருவரே போதும். ஆறு மாதச் சிறை கிடைத்தது. 1895இல் உச்ச நீதிமன்றமும் ஒரு முகமாக அதை ஏற்றது. ரயில் கம்பெனியின் வக்கீலாக இருந்து அவ்வேலையை விட்டுவிட்டு டெப்ஸுக்காக வாதாட வந்த கிளாரன்சு டாரோ பின்னாளில் பெரும்புகழ் பெற்றார்.

பிறகு டெப்ஸ் சோஷலிஸ்டு ஆனார். 1900, 1904, 1908, 1912 என நான்கு தேர்தல்களில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றார், நான்கிலும் தோற்றார். நான்காம் முறை நூற்றுக்கு ஆறு பேர் அவருக்கு வாக்களித்தனர்.

அந்த 1912 தேர்தலில் வென்றவர் உட்ரோ வில்சன். பல்கலைக்கழகத்தவராகிய நமக்கு வில்சன் மீது ஓர் ஈர்ப்பு உண்டு. டாக்டர் பட்டம் பெற்றவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், தேசங்களின் உரிமை பற்றி உலகுக்கு எடுத்துரைத்தவர். அவர் ஆட்சியில்தான் 1917 ஜூனில் ஒற்றாடல் தடைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு மே மாதம் அதைத் திருத்தி மேலும் கடுமையாக்கினார்கள். ஏறக்குறைய 2,000 வழக்குகள். சுமார் 1,000 தண்டனைகள். தண்டனை பெற்றவர்களில் மிகப் பலர் ஒற்றர்கள் அல்லர், பேசியவர்கள், எழுதியவர்கள். 1776இன் விடுதலைப் போரைப் படமெடுத்து, அதில் ஆங்கிலச் சிப்பாய்களின் கொடுமையைக் காட்டிய ஒருவருக்குப் பத்தாண்டு விதித்தார்கள். இப்போது இங்கிலாந்து நட்பு நாடு அல்லவா!

1918 ஜூன் 16ஆம் நாள் ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் டெப்ஸ் பேசினார். அங்குள்ள சிறையில் கிடந்த மூன்று தோழர்களைப் பார்த்துவிட்டு நேராக மேடைக்கு வந்தார். போர்கள் எப்போதும் ஆள்வோரால் தொடங்கப்படுகின்றன, சாவது மட்டும் எளியவர் பங்கு என்பதே அப்பேச்சின் சாரம். கூட்டத்தில் அரசின் சுருக்கெழுத்தாளர் இருந்தார். நீதித் துறையின் ஆதரவோடு இயங்கிய தொண்டர் படை ஒன்றும் இருந்தது. நாடெங்கும் இரண்டரை லட்சம் பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் கூட்டத்தில் புகுந்து, படைக்குப் பதிவு செய்த சீட்டு எங்கே என்று இளைஞர்களை மடக்கிக் கேட்டார்கள். பேச்சின் பிரதியைப் பார்த்த வாஷிங்டன் அதிகாரிகளுக்கே வழக்குத் தொடுக்கத் தயக்கம். உள்ளூர் அரசு வழக்கறிஞருக்குத் தயக்கம் இல்லை.

செப்டம்பரில் கிளீவ்லண்டு நகரில் வழக்கு நடந்தது. (அந்தக் கிளீவ்லண்டு ஆள், இது ஊர்.) டெப்ஸ் தாம் பேசியதை மறுக்கவில்லை, ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. தீர்ப்புக்குப் பின் அவர் நீதிபதியிடம் பேசிய சில நிமிடப் பேச்சு, அந்நாட்டின் சிறந்த உரைகளில் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் இல்லை. 1919 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தண்டனையை உறுதி செய்தனர். தீர்ப்பை எழுதியவர் பேச்சுரிமைக்குப் பெயர்போன ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்! அதே ஆண்டு நவம்பரில் வேறொரு வழக்கில் ஹோம்ஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதிப் பேச்சுரிமையின் பக்கம் நின்றார். எட்டு மாதத்தில் நீதிபதியின் கருத்து மாறியது. டெப்ஸின் சிறைவாசம் மாறவில்லை.

போர் முடிந்தும் வேட்டை ஓயவில்லை. 1919 நவம்பரிலும் 1920 ஜனவரியிலும் தலைமை வழக்கறிஞர் மிட்செல் பாமர் பல நகரங்களில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தார். பலருக்குப் பிடியாணையே இல்லை. அவ்வேலையை வகுத்துக் கொடுத்த இளம் அதிகாரி எட்கர் ஹூவர். பாமருக்கு 1920 தேர்தலில் தம் கட்சியின் வேட்பாளர் ஆகும் ஆசை இருந்தது. மே முதல் நாள் புரட்சி வெடிக்கும் என்று நாட்டை எச்சரித்தார். அந்த நாள் அமைதியாகக் கழிந்தது, ஊர் சிரித்தது, வேட்பாளர் ஆகும் கனவும் கலைந்தது. தொழில் துறைத் துணைச் செயலாளர் லூயி போஸ்ட் என்ற முதியவர், சான்று இல்லாத நாடுகடத்தல் ஆணைகளை ஆயிரத்துக்கும் மேலாக ரத்துச் செய்தார். அவரைப் பதவி நீக்க முயன்றவர்கள் தோற்றனர்.

அந்தப் பாமரே 1921 தொடக்கத்தில், டெப்ஸை விடுதலை செய்யலாம் என்று வில்சனுக்குப் பரிந்துரைத்தார். வில்சன் மறுத்துவிட்டார். எத்தனையோ ஏடுகளைப் படித்த மனிதருக்கு நோயுற்ற கிழவர் ஒருவரை மன்னிக்க மனம் வரவில்லை என்பதை என்னால் இன்றும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்து வந்தவர் வாரன் ஹார்டிங், குடியரசுக் கட்சி, முதலாளிகளுக்கு வேண்டியவர், அறிவாளி என்று எவரும் புகழாதவர், 1920இல் டெப்ஸையும் எதிர்த்து நின்று வென்றவர். பதவியேற்ற அதே மாதம், டெப்ஸைக் காவலர் எவருமின்றித் தனியே ரயிலேறி வாஷிங்டனுக்கு வந்து தலைமை வழக்கறிஞரைப் பார்க்கச் செய்தார்கள். அவரும் போய்ப் பேசிவிட்டு, தாமே சிறைக்குத் திரும்பி வந்தார். போர்வீரர் சங்கத்தினரும் நியூயார்க் டைம்ஸ் ஏடும் விடுதலையை எதிர்த்தனர். ஹார்டிங் கேட்கவில்லை. 1921 கிறிஸ்துமஸ் நாளில் டெப்ஸும் வேறு 23 பேரும் விடுதலையாயினர்.

அன்று அட்லாண்டாவில் சிறை அதிகாரி வழக்கத்தை மீறிக் கைதிகளை முற்றத்துக்கு வர விட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நின்று குரல் எழுப்பினர். டெப்ஸ் திரும்பி நின்று அழுதார். விடுதலையாகும் கைதிக்குச் சிறையில் தரும் ஐந்து டாலரை, மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த சாக்கோ, வான்செட்டி என்னும் இருவரின் வழக்கு நிதிக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் வெள்ளை மாளிகையில் ஹார்டிங் அவரைக் கைகுலுக்கி வரவேற்றார்.

அது தண்டனைக் குறைப்பே. குற்றத்தை நீக்கிய மன்னிப்பு அன்று. சிறை அவர் இதயத்தைக் கெடுத்திருந்தது. 1926 அக்டோபர் 20ஆம் நாள் சிக்காகோவுக்கு அருகே ஒரு மருத்துவ இல்லத்தில் காலமானார். சிறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. 1918ஆம் ஆண்டுத் திருத்தத்தை அவர் சிறையில் இருக்கும்போதே நீக்கிவிட்டார்கள். 1917ஆம் ஆண்டின் மூலச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. டெர்ரே ஹோட்டில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவகம். சுற்றிலும் பல்கலைக்கழகக் கட்டடங்கள் வளர்ந்துவிட்டன. மாணவர்கள் அதன் வாசல் வழியே வகுப்புக்குப் போகிறார்கள்.