எல்விஸ் பிரெஸ்லி: எக்காலம் பொற்காலம்?

1992-ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல்துறை தன் நாட்டு மக்களிடம் புதுமையான வாக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. மறைந்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு அஞ்சல்தலை வெளியிட விரும்பிய அத்துறை, இரண்டு ஓவியங்களை மக்கள்முன் வைத்தது. ஒன்று 1950-களின் இளம்பாடகர். மற்றொன்று வெண்ணிற மேடையுடை தரித்த நடுவயதுப் பாடகர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் குவிந்தன. ஏறத்தாழ முக்கால் பங்கினர் இளையவரையே தேர்ந்தனர். 1993 ஜனவரி 8 அன்று, அவர் பிறந்தநாளில், அவ்வஞ்சல்தலை வெளிவந்தது. ஒரு கலைஞரின் எக்காலம் சிறந்தது என்னும் வினாவுக்கு ஒரு நாடே வாக்குச்சீட்டால் விடை பகர்ந்தது எனலாம். ஆயினும் வாக்கெண்ணிக்கை வேறு, திறனாய்வு வேறு. அவ்விடை பொருந்துமா என்பதை அவர்தம் வாழ்க்கை வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்விஸ் 1935-இல் மிசிசிப்பி மாநிலத்து டூப்பலோ என்னும் ஊரில், இரண்டே அறைகள் கொண்ட மரவீட்டில் பிறந்தார். உடன் கருவாகிய இரட்டையர் உயிரற்றே பிறந்தார். எஞ்சிய ஒரே மகன்மீது தாய் கிளாடிஸ் தம் உயிரையே வைத்தார். தந்தை வெர்னான், காசோலை ஒன்றைத் திருத்திய குற்றத்துக்காக 1938-இல் சிறை சென்றார். வறுமை சூழ்ந்த அவ்வீட்டுக்குத் தேவாலயப் பாடலே ஆறுதலாயிற்று. பதினோராம் பிறந்தநாளில் சிறுவனுக்குக் கிதார் ஒன்று கிடைத்தது. 1948-இல் குடும்பம் மெம்ஃபிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. கறுப்பின மக்களின் புளூஸ், வெள்ளையரின் நாட்டுப்புற இசை, இரு சாராரும் பாடிய சமயப்பாடல் ஆகிய மூன்றும் கலந்து ஒலித்த நகரம் அது.

1954 ஜூலை 5 அன்று, சாம் பிலிப்ஸ் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், ஸ்காட்டி மூர், பில் பிளாக் ஆகிய இருவருடன் அவர் பாடினார். ஆர்தர் குரூடப் என்னும் கறுப்பினக் கலைஞர் 1946-இல் பதிவு செய்திருந்த புளூஸ் பாடல் அன்று புதிய வேகத்துடன் வெளிப்பட்டது. அவ்விசைத்தட்டின் ஒரு பக்கம் கறுப்பினத்தவர் பாடல். மறுபக்கம் வெள்ளையர் பாடல். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாதென அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து இரண்டு திங்களே ஆகியிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அப்பாடலை ஆக்கிய குரூடப், தமக்குரிய உரிமைத்தொகை முழுவதும் கைவரப் பெறாமலே 1974-இல் மறைந்தார். எல்விஸின் புகழைப் பேசுவோர் இக்கடனையும் சேர்த்தே பேசுதல் அறமாகும்.

சன் நிறுவனத்துக்கென வெளிவந்த ஐந்து இசைத்தட்டுகளே அவருடைய உச்சம் என்பார் ஒரு சாரார். 1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. நிறுவனம் அவரது ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கியது. 1956-இல் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ நாடெங்கும் பரவியது. 1957 ஜனவரியில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சி அவரை இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டியது. அந்த அளவுக்குப் பெரியோரை அவர் கலங்கச் செய்தார். இக்காலமே பொற்காலம் என்பார் மற்றொரு சாரார்.

1958-இல் அவர் படையிற் சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் தாய் மறைந்தார். ஜெர்மனியிற் பணிபுரிந்து 1960-இல் மீண்டபோது குரல் விரிந்து கனிந்திருந்தது. அவ்வாண்டுப் பதிவுகள் அதற்குச் சான்று. ஆனால் அதன்பின் திரைப்படம் அவரை விழுங்கியது. அவர் நடித்த கதைப்படங்கள் மொத்தம் 31. அவற்றுள் 27 படங்கள் 1960 முதல் வந்தவை. 1961 மார்ச்சுக்குப் பிறகு எட்டாண்டுகளுக்கு மேலாக அவர் பொதுக் கச்சேரி எதுவும் செய்யவில்லை. வெளியீட்டு உரிமையில் பங்கு தர இசைந்தவர்களின் பாடல்களே பெரும்பாலும் அவரிடம் வந்து சேர்ந்தன. மேலாளர் டாம் பார்க்கர் காத்த இவ்வேற்பாட்டால் நல்ல பாடலாசிரியர் பலர் விலகி நின்றனர். குரல் கெடவில்லை, பாடத்தக்க பாடல்தான் அருகிப் போயிற்று. சமயப்பாடல் மட்டும் இவ்வறட்சிக்குத் தப்பியது. அவர் பெற்ற மூன்று கிராமி விருதுகளும் அவ்வகைப் பாடல்களுக்கே உரியவை.

1968-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர் அழைக்கப்பட்டார். கிறிஸ்துமஸ் பாடல்களே போதும் எனக் கருதினார் பார்க்கர். இயக்குநர் ஸ்டீவ் பிண்டர் அதற்கு உடன்படவில்லை. கருந்தோல் உடையணிந்து, பழைய தோழர்களுடன் சிறு மேடையில் அமர்ந்து எல்விஸ் பாடினார். மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டு அது. நம்பிக்கையை வேண்டும் புதிய பாடலொன்றுடன் அவர் நிகழ்ச்சியை நிறைவு செய்தார். 1969 தொடக்கத்தில் மெம்ஃபிஸ் திரும்பி, சிப்ஸ் மோமனின் கூடத்தில் பல பாடல்களைப் பதிவு செய்தார். ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’ பாடலின் உரிமையில் பங்கு கேட்கப்பட்டபோது மோமன் மறுத்துவிட்டார். இருப்பினும் அப்பாடல் வெளிவந்து முதலிடம் எய்தியது.

1969 ஜூலை முதல் லாஸ் வேகாஸ் மேடை அவரை மீண்டும் மக்கள்முன் நிறுத்தியது. பின்னர் மணவிலக்கும், ஓயாப் பயணமும், மருந்துப் பழக்கமும் உடலை அரித்தன. ஆயினும் இறுதிக்காலத்தை ஏளனம் செய்வோர், 1977 ஜூனில் ரேப்பிட் சிட்டி நகரில் அவர் பியானோமுன் அமர்ந்து ‘அன்செயின்ட் மெலடி’ பாடிய காட்சியைக் காண வேண்டும். வீங்கிய உடலினின்றும் அக்குரல் குறைவின்றி எழுகிறது. எட்டு வாரங்கள் கழித்து, ஆகஸ்டு 16 அன்று, 42-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

எனின், எக்காலம் சிறந்தது? புகழ் அளவுகோலாயின் 1956. குரல்வளம் அளவுகோலாயின் 1960. கலைஞர் தம் பாடலைத் தாமே தேர்ந்தாரா என்பதை அளவுகோலாகக் கொண்டால் 1954-55, 1968-69 என்னும் இரு காலங்களே எஞ்சுகின்றன. இரண்டிலும் சிறிய அறையும், அவரிடம் மறுத்துப் பேசத் துணிந்த ஒருவரும் இருந்தமை கருதத்தக்கது. இவ்விரண்டனுள் பின்னதையே யான் தேர்வேன். முன்னது இளமை தானே வழங்கிய கொடை. பின்னதோ இழந்தது இன்னதென அறிந்த ஒருவர் முயன்று மீட்டது. பத்தொன்பது வயதில் அவருக்குத் தோல்வி தெரியாது. முப்பத்து நான்கில் அது குரலிலேயே கேட்கிறது.

கவிஞர்கள் நிறைந்த இம்மன்றத்துக்கு இவ்வாழ்க்கை அயலானதன்று. முதல் தொகுப்போடு ஒருவரை மதிப்பிட்டு ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. கேட்டவர் கேட்ட தலைப்புக்கெல்லாம் எழுதிக் கொடுத்து, எழுத வேண்டியதை ஒத்திவைக்கும் வழக்கமும் உண்டு. எட்டாண்டு வீணானபின்னும் ஒருவர் திரும்பி வரலாம் என்பதற்கு எல்விஸ் சான்று. திரும்பி வந்த இடத்தில் நிலைத்து நிற்பது அரிது என்பதற்கும் அவரே சான்று.