வித்தியாசாகரின் கடன்

ஈசுவர சந்திர வித்தியாசாகர் 1820இல் வங்கத்தில் வீர்சிங்கா என்னும் சிற்றூரில், ஏழை அந்தணர் குடியில் பிறந்தார். தாம் பயின்ற கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரிக்கே பின்னர் முதல்வரானார்.

பசித்தவருக்குச் சோறும் ஏழை மாணவருக்குப் பள்ளிச் சம்பளமும் கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கை அவருடையது. ஆயினும் இளங் கைம்பெண்களின் துயர் ஈகையால் தீர்வதன்று, வழக்கமே மாறவேண்டும் எனக் கண்டார். பராசர ஸ்மிருதியிலிருந்தே சான்று காட்டி நூல் எழுதினார். ஏறத்தாழ 1,000 பேர் கையொப்பத்துடன் 1855இல் அரசுக்கு விண்ணப்பித்தார். எதிர்த்துக் கையொப்பமிட்டோரோ பன்மடங்கினர்! எனினும் 1856 ஜூலையில் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறிற்று.

சட்டம் வந்தது, மணமக்கள் எளிதில் வரவில்லை. சாதி விலக்குக்கு அஞ்சாதார் யார்? அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் முதல் மணத்தை வித்தியாசாகரே தம் செலவில் நடத்திவைத்தார். அடுத்தடுத்து நடந்த மணங்களுக்கும் அவர் பணமே கரைந்தது. ஈகையால் தீராதென்று சட்டத்தை நாடியவர், சட்டம் கிடைத்தபின் மீண்டும் வீடு வீடாக ஈய வேண்டியதாயிற்று. உதவுவதாகச் சொன்ன செல்வர் பலர் நழுவினர். கடன் ஏறியது. அதைத் தீர்க்க அன்பர்கள் பொதுநிதி திரட்ட முனைந்தபோது வேண்டாமென்று மறுத்தார். இதனை வீம்பு என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

1870இல் அவர் மகன் நாராயண சந்திரர் ஒரு கைம்பெண்ணை மணக்க, உற்றார் வெறுப்பைப் பொருட்படுத்தாது மகிழ்ந்தார்.

பிற்காலத்தில் இன்றைய ஜார்க்கண்டிலுள்ள கர்மாடாரில் சந்தால் மக்களிடையே வாழ்ந்து, அவர்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்துவந்தார். 1891 ஜூலை 29இல் கல்கத்தாவில் காலமானார்.