குடியானவர் குறையைப் பார்லிமெண்டில் ஒலிக்கச் செய்தவர்

சென்னையில் 1806-ம் ஆண்டு பிறந்தவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. வசதியான துணி வியாபாரி. 1844-ல் 'கிரசெண்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார்.

அது கும்பெனி ஆட்சிக் காலம். வரி கட்ட முடியாத குடியானவர்களை வெயிலில் குனிந்து நிற்க வைத்தார்கள். விரல்களைக் கிட்டி போட்டு நெரித்தார்கள். இங்கே யாருக்கும் ஓட்டுரிமை இல்லை. சட்டம் செய்யும் பார்லிமெண்டோ லண்டனில் இருந்தது.

செட்டியார் மனம் தளரவில்லை. 1852-ல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினார். குறைகளை எழுதிப் பார்லிமெண்டுக்கே மனு அனுப்பினார். மறு ஆண்டு டான்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று, குடியானவர் படும் பாட்டை நேரில் காட்டினார்.

1854-ல் சீமோர் இந்தப் பிரச்சினையைப் பார்லிமெண்டில் கிளப்பினார். விசாரணைக் கமிஷன் அமைந்தது. சித்திரவதை நடந்தது உண்மையே என்று 1855-ல் அது அறிக்கை கொடுத்தது. 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூல் வேறு, போலீஸ் வேறு என்றாயிற்று.

பொதுக் காரியத்துக்கே செல்வத்தைச் செலவிட்ட செட்டியார், 1868-ல் ஏழையாக மறைந்தார். குறையை எழுதிக் கொடுத்து, உறுப்பினரை அழைத்து வந்து நேரில் காட்டினார் அவர். ஓட்டு இல்லாத காலத்திலேயே அது பலித்தது. ஓட்டு உள்ளவர்கள் தயங்கலாமா?