மனச்சான்றின் மறைசாட்சி புனித தாமஸ் மூர்

மனச்சான்று என்ற சொல்லை இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் மனதுக்குச் சரியென்று பட்டது, செய்தேன் என்கிறோம். ஆனால் மனம் விரும்புவதும் மனச்சான்று உரைப்பதும் ஒன்றுதானா? இக்கேள்விக்குத் தம் உயிரையே விடையாகத் தந்தவர் புனித தாமஸ் மூர்.

இளமையும் இல்லறமும்

1478-ம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகத் தாமஸ் பிறந்தார். சிறுவயதில் பேராயர் மார்ட்டனின் இல்லத்தில் பணிபுரிந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றபின் சட்டம் கற்றார். கார்த்தூசியன் துறவிகளின் மடத்தோடு சில ஆண்டுகள் நெருங்கி வாழ்ந்து, அவர்களுடைய செப தவ வாழ்வில் பங்குகொண்டார். துறவறமா இல்லறமா என்று நெடுநாள் ஆராய்ந்து, இல்லறமே இறைவன் தமக்குக் காட்டும் வழியெனத் தெளிந்து ஜேன் என்ற பெண்ணை மணந்தார். மூன்று பெண்களும் ஓர் ஆணும் பிறந்தனர். 1511-ல் ஜேன் இறக்கவே, ஆலிஸ் என்ற விதவையை மறுமணம் செய்தார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்றிருந்த அக்காலத்தில் தம் புதல்வியருக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பட்டாடைக்குள் முரட்டு மயிர்ச் சட்டை அணிந்து தவம் செய்தார். இதை மூத்த மகள் மார்கரெட் அறிவாள்.

பதவியும் சோதனையும்

அரசன் எட்டாம் ஹென்றி இவர் திறமையைக் கண்டு, 1529-ல் நாட்டின் மிக உயர்ந்த சான்சலர் பதவியை அளித்தான். புனிதரும் தம் காலத்து மனிதரே. இவர் பதவியிலிருந்தபோது, திருச்சபைப் போதனையை மறுத்தவர்கள் சிலர் தீயிலிடப்பட்டனர். அச்சட்டத்தை இவரும் ஆதரித்தார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. விசுவாசத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகப் போதித்தது.

கத்தரீன் அரசியை விலக்கி ஆன் போலினை மணக்க ஹென்றி விரும்பினான். பாப்பரசர் இசையவில்லை. எனவே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவனாக முனைந்தான். 1532 மே 15-ல் ஆயர்களும் குருக்களும் அரசனுக்குப் பணிந்தனர். மறுநாளே மூர் பதவியைத் துறந்தார். வருமானம் குறைந்தது, வீட்டில் வறுமை நுழைந்தது.

1534-ல் அரசுரிமைச் சட்டத்தின்பேரில் எல்லோரும் சத்தியப் பிரமாணம் செய்யவேண்டுமென்று கட்டளை பிறந்தது. அடுத்து முடிசூடுவது யாரென்று முடிவுசெய்யப் பாராளுமன்றத்துக்கு உரிமையுண்டு என மூர் ஒப்புக்கொண்டார். ஆனால் அப்பிரமாணம் கத்தரீனின் திருமணத்தையும் பாப்பரசரின் அதிகாரத்தையும் மறுத்தது. அதைச் செய்ய மறுத்தார். மறைநூலையும் திருச்சபைத் தந்தையரின் நூல்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்த பின்னரே இம்முடிவுக்கு வந்திருந்தார். பிரமாணம் செய்த எவரையும் அவர் குறைகூறவில்லை. தம்மைப் பின்பற்றும்படி யாரையும் தூண்டவுமில்லை.

சிறையும் மரணமும்

ஏப்ரல் மாதம் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். அரசனுக்கு அஞ்சியோர் மட்டுமல்ல, அவர்மேல் அன்புகொண்டோரும் மனம் மாறக் கேட்டனர். எலிகளுக்கு நடுவே ஏன் கிடக்கவேண்டுமென்று மனைவி கடிந்துகொண்டார். சிறைச்செலவுக்கு வாரம் 15 ஷில்லிங் கட்ட, அந்த அம்மாள் தம் உடைகளையே விற்க நேர்ந்தது. உயிருக்குயிரான மார்கரெட்டும் வாதாடினாள். இறைவனின் சட்டத்துக்கு உட்பட்டவரை என்ற நிபந்தனையுடன் அவள் பிரமாணம் செய்திருந்தாள். தந்தை மகளைக் கண்டிக்கவில்லை. ஆனால் அவளுடைய கண்ணீருக்காகத் தம் முடிவை மாற்றவுமில்லை. இதுவே அவருக்கு வாளினும் கொடிய வேதனையாக இருந்திருக்கும்.

1535 ஜூலை 1-ல் விசாரணை நடந்தது. அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் ரிச் சாட்சி சொன்னார். அது பொய்யென்று மூர் மறுத்தார். தீர்ப்புக்குப் பிறகே மௌனம் கலைத்து, திருச்சபையின் தலைமையை ஒரு நாட்டின் சட்டம் மாற்ற இயலாதென்று அறிக்கையிட்டார். தம்மைத் தீர்ப்பிட்டவர்களோடு விண்ணகத்தில் கூடி மகிழும் நம்பிக்கையையும் தெரிவித்தார். ஜூலை 6-ல் தலை வெட்டப்பட்டார். 1935-ல் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் இவரைப் புனிதராக உயர்த்தினார். 2000-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அரசியலாருக்குப் பாதுகாவலராக அறிவித்தார். திருநாள் ஜூன் 22.

நமக்கு

அன்பார்ந்த பங்கு மக்களே! புனிதரிடம் கேட்கப்பட்டது ஒரு பிரமாணம், ஒரு கையொப்பம். நம்மிடமும் கேட்கிறார்கள்: பாகப்பிரிவினையில் ஒரு பொய்ச்சாட்சி, அலுவலகக் கணக்கில் ஒரு பொய்க் கையெழுத்து. குடும்பத்துக்காகத்தானே என்பார்கள் நம்மவர்களும். மனச்சான்று நாம் உண்டாக்கும் சட்டமன்று. உண்மையைக் கேட்கும் செவி அது. செபத்தாலும், மறைநூலாலும், திருச்சபையின் போதனையாலும் அச்செவியைப் பழக்கவேண்டும். கேட்டபின் கீழ்ப்படிவதே உண்மையான சுதந்திரம். சிறையில் இருந்த மூர் அச்சுதந்திரத்தைப் பெற்றிருந்தார். அரியணையில் இருந்த ஹென்றி பெறவில்லை.

புனித தாமஸ் மூரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!