மருத்துவர் டவுன்

ஜான் லாங்டன் டவுன் 1828-இல் இங்கிலாந்தில் பிறந்தார். இளமையில் தந்தையாரின் கடையில் உழைத்த அவர், பின்பு மருத்துவம் பயின்று, 1858-இல் ஏர்ல்ஸ்வுட் காப்பகத் தலைவரானார். அறிவு வளர்ச்சி குன்றியோரை உலகம் ஒதுக்கிய அந்நாளில், அவர்களுக்குத் தூய்மையும் கல்வியும் கைத்தொழிலும் தந்து பேணினார். அவர்களுள் ஒருசாரார் தோற்றத்தாலும் இயல்பாலும் ஒத்திருத்தலை 1866-இல் எழுதினார். அந்நிலை இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1896-இல் அவர் மறைந்தார்.

உயிரணுவில் 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதலே அந்நிலைக்குக் காரணம் என்பது 1959-இல் புலனாயிற்று. முன்பு இளமையிலேயே மாண்ட இத்தகையோருள் பலர் இன்று 60 வயதளவும் வாழ்கின்றனர். ஆயினும், அம்மிகுதி மூளையில் அமிலாய்டு என்னும் புரதத்தைப் பெருக்குதலால், 40 வயதைக் கடந்தபின் பலரை அல்சைமர் என்னும் மறதிநோய் பற்றுகிறது. பழகிய வழியையும் பெயரையும் அவர்கள் மறப்பின், பிறவிக் குறையென்று விட்டுவிடாது, டவுனைப் போல் உற்று நோக்கிப் பேணுதல் நம் கடனாகும்.