கூலியின் முகத்தில் ஆண்டவரைக் கண்ட வெள்ளைக்காரர்

வெள்ளைக்காரர் என்றாலே தோட்டத்து மக்களுக்கு ஒரே பெயர்தான்: துரை. நம்ம தாத்தா காலத்தில் துரை வரும் வழியில் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது. இறங்கி, ஓரமாய் ஒதுங்கி நிற்கணும். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வோடு சேர்த்து, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியணும் என்பதையும் தொழிலாளர்கள் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். அந்த அவமானம் நம் மக்களின் மனசை எவ்வளவு உறுத்தியிருந்தால் அப்படிக் கேட்டிருப்பார்கள்!

அந்தக் காலத்திலேயே ஒரு வெள்ளைக்காரர், ஓடிவந்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் முகத்தில் ஆண்டவரைக் கண்டார். கண்டதோடு நிற்காமல், அந்தத் தொழிலாளிக்காகக் கடல் கடந்து போய் உழைத்தார். அவர்தான் சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ். ஏழைகளின் உறவினர் என்று பொருள்படும் தீனபந்து என்ற பட்டத்தை மக்களே அவருக்குக் கொடுத்தார்கள்.

ஆண்ட்ரூஸ் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் பிறந்தார். தகப்பனார் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையின் போதகர். பெரிய குடும்பம். தாயாருக்கு வந்த சொத்துதான் அவர்களுக்கு ஆதரவு. அதை நம்பிக்கையான ஒரு நண்பரின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அந்த நண்பரோ எல்லாவற்றையும் தொலைத்துவிட்டார். குடும்பம் வறுமைக்கு வந்தது. சேதி தெரிந்த அன்று தகப்பனார் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஜெபம் பண்ணினார். யாருக்காக? பறிபோன பணத்துக்காக அல்ல, மோசம் செய்த அந்த நண்பருக்காக! மன்னிப்பு என்றால் என்ன என்பதைச் சிறுவன் ஆண்ட்ரூஸ் படித்தது புத்தகத்தில் அல்ல, தன் வீட்டில்தான்.

கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் வாங்கியவர், லண்டன் நகரின் ஏழைக் குடியிருப்பில் ஊழியம் செய்தார். 1904-இல் டெல்லிக்கு வந்து செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். இரண்டு வருஷத்தில் அந்தக் கல்லூரியின் முதல்வர் பதவி காலியானது. வெள்ளைக்காரர்தான் முதல்வராக வரணும் என்று பலர் நினைத்தார்கள். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரான சுசீல் குமார் ருத்ரா என்ற இந்தியர் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று ஆண்ட்ரூஸ் வாதாடினார். 1906-இல் ருத்ராவே முதல்வரானார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே சந்தோஷமாக வேலை பார்த்தார். நம்ம தோட்டத்தில் ஒரு சின்னத்துரை, கிராணிக்குக் கீழே வேலை செய்ய ஆசைப்பட்டார் என்றால் எப்படி இருக்கும்? அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் தென்னாப்பிரிக்காவில் காந்தியார் தலைமையில் நம் மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி கட்டணும் என்ற சட்டத்தை எதிர்த்த போராட்டம் அது. நம் தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், நோய்ப்பட்டு, 1914-இல் உயிர் விட்டதும் அதே போராட்டத்தில்தான். கோகலே உதவி கேட்டதும் ஆண்ட்ரூஸ் தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். பிறகு தானே பியர்சன் என்ற நண்பரோடு கப்பல் ஏறினார். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியவர், காந்தியாரைக் கண்டதும் குனிந்து அவர் காலைத் தொட்டார். ஒரு வெள்ளைக்காரர் இந்தியரின் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்துப் போனார்கள்.

அங்கே ஒரு தேவாலயத்தில் ஆண்ட்ரூஸ் பிரசங்கம் செய்தார். கேட்க வந்த காந்தியாரை, அவர் நிறத்தைப் பார்த்து உள்ளே விடவில்லை. உள்ளே அன்பைப் பற்றிப் பேச்சு, வெளியே வாசற்படியில் தடை! அது ஆண்ட்ரூஸின் மனசில் முள்ளாகத் தைத்தது. அந்தப் பயணத்தின்போதே இங்கிலாந்தில் அவர் தாயார் காலமானார். வேலையைப் பாதியில் விட்டுப் போக மனமில்லாமல் இருந்துவிட்ட மகனுக்குத் தாயின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஆண்டிலேயே மூன்று பவுன் வரி ரத்தானது.

நாட்டால் கரும்புத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓடிவந்த ஒப்பந்தக் கூலி ஒருவரையும் அவர் அந்தப் பயணத்தில்தான் பார்த்தார். முதுகெல்லாம் அடி பட்ட தழும்பு. ஆறுதல் சொல்லலாம் என்று ஆண்ட்ரூஸ் கிட்டே போனார். வெள்ளைத் தோலைக் கண்டதும் அந்த ஆள், மறுபடியும் அடி விழப்போகிறது என்று நடுங்கிச் சுருண்டு போனார். அந்த நடுக்கத்தை ஆண்ட்ரூஸால் மறக்க முடியவில்லை.

1915-இல் அவருக்குக் காலரா கண்டது. பிழைத்ததே பெரிசு. நோய் தேறிவந்த நாட்களில் பிஜித் தீவின் கூலிகள் படும் பாட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், நாட்டாலில் கண்ட அந்தக் கூலியின் முகம் அவர் கண்முன் தோன்றியது. பார்த்துக்கொண்டே இருக்கையில் அது இயேசுநாதரின் முகமாக மாறியது. அவர் அதோடு முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. உடம்பு முழுசாகத் தேறுமுன்பே பிஜிக்குப் புறப்பட ஏற்பாடு செய்தார். கண்ட காட்சிக்கு அவர் கொடுத்த பதில் அந்தக் கப்பல் பயணம்தான்.

பிஜியில் அவர் கண்டது என்ன? 1879 முதல் 1916 வரை அங்கே இறக்கப்பட்ட இந்தியர்கள் 60,000 பேருக்கு மேல். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக நம் தமிழ் மக்களும் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். கொடுத்த வேலையை முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு முழுக் குடும்பம். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் ஏற்றியதால் குடும்ப வாழ்க்கையே குலைந்து கிடந்தது. தூக்குப் போட்டுக்கொண்டு செத்தவர்கள் பலர்.

ஆண்ட்ரூசும் பியர்சனும் லயம் லயமாக ஏறி இறங்கி, கண்டதையெல்லாம் எழுதி 1916-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில், ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க வேண்டும் என்ற மாளவியாவின் தீர்மானத்தை வைஸ்ராய் ஏற்றுக்கொண்டார். 1917-இல் ஆள் ஏற்றுவது நின்றது. 1920 ஜனவரி முதல் தேதி, பிஜியில் மீதியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. இது ஒருவர் செய்த காரியம் அல்ல. கோகலே 1912-லேயே குரல் கொடுத்தார். பிஜியில் கூலியாக உழைத்துத் திரும்பிய தோதாராம் சனாத்தியா புத்தகம் எழுதி ஊரை எழுப்பினார். ஆனாலும் லயத்து வாசலில் போய் நின்று பார்த்துவந்த வெள்ளைக்காரரின் சாட்சியை அரசாங்கத்தால் தள்ள முடியவில்லை.

நம் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-லேயே ஒழிந்தது. அதன் இடத்தில் கங்காணி முறை 1938 வரை ஓடியது. பெயர் மாறினாலும், கடனோடு கப்பல் ஏறிய கதை நம் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிறது.

கடவுளைப் பற்றி ஆண்ட்ரூசுக்கு எல்லாமே தெளிவாக இருந்ததா என்றால், இல்லை. மற்ற மதத்தார் அழிந்து போவார்கள் என்று சொல்லும் விசுவாச அறிக்கையை வாயால் சொல்ல அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. 1914-இல் குருப்பணியை நிறுத்தி வைத்தார். தாகூரின் சாந்திநிகேதனில் போய்த் தங்கினார். கிறிஸ்துவை விட்டுவிட்டார் என்று சில பேர் பேசினார்கள். அவரோ காலையில் தியானம், பகலெல்லாம் யாருக்காவது ஓட்டம் என்று வாழ்ந்தார். குளிரில் ஒருவர் நடுங்கினால் தன் போர்வையைக் கொடுத்துவிடுவார். அது இரவல் போர்வையாக இருந்தாலும் சரி!

1921-இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கூலிகள் கூலி போதாமல் ஊர் திரும்பக் கிளம்பினார்கள். வழியில் சாந்த்பூரில் மாட்டிக்கொண்டார்கள். ரயில் நிலையத்தில் ராத்திரியில் படுத்துக்கிடந்தவர்களைச் சிப்பாய்கள் அடித்து விரட்டினார்கள். பிறகு காலரா பரவியது. ஆண்ட்ரூஸ் அங்கே போய், தொண்டர்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார். கூலிகள் ஊர் போய்ச் சேர அரசாங்கத்திடம் வழிச்செலவு கேட்டு நடந்தார். 1925-லும் 1927-லும் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1940 ஏப்ரல் 5-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். அங்கேயே அடக்கமானார்.

இந்தக் கதை நமக்கு எதற்கு? இன்றைய பெட்டாலிங் ஜெயாவின் கட்டடங்கள் நிற்கும் மண், 1950-களுக்கு முன் எஃபிங்காம் தோட்டம். பால்மரம் நின்ற இடத்தில் இப்போது தொழிற்சாலைகளும், கோயில்களும், தேவாலயங்களும். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த நம்ம பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை நல்ல துணி உடுத்தி ஆராதனைக்குப் போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், அந்தத் தெருவிலேயே காவல் நிற்கும் நேப்பாளியும், குப்பை அள்ளும் வங்காளதேசியும் யார்? நம்ம லயத்துப் பழைய வீட்டில் இப்போது குடியிருந்து செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசியர் யார்? அவர்களில் பலர் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். அன்றைக்கு நம் பூட்டன் வந்த மாதிரியே! அவர்களின் பெயரைக்கூடக் கேட்காமல் பங்களா என்று ஏளனமாகக் கூப்பிடுகிற நாக்கு நம்முடையதும்தான்.

பசித்தவனுக்கும் அந்நியனுக்கும் செய்வதை எனக்கே செய்கிறாய் என்று இயேசுநாதர் போதித்ததாக வேதம் சொல்கிறது. அதை ஆண்ட்ரூஸ் அப்படியே நம்பினார். அவ்வளவுதான் அவருடைய மத ஞானம். கிறிஸ்தவரோ, இந்துவோ, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நாளைக் காலையில் வேலைக்குப் போகும்போது, தினமும் பார்த்தும் பாராமல் போகிற அந்த ஆளின் பெயரைக் கேளுங்கள். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா, பாஸ்போர்ட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அநியாயம் என்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். நம்மைக் கண்டு ஒருவர் பயந்து ஒதுங்காத அளவுக்கு நாம் நடந்துகொண்டால், அதுவே ஒரு நல்ல ஜெபம்.